ரோடு பைக்குக்கு ஆசையாகச் செலவழிக்க ஒரு வரிசை: புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு

ரோடு பைக் வாங்கிச் சில மாதம் ஓட்டியதும் ஓர் ஆசை தொடங்கும். சைக்கிளில் பழுது ஒன்றும் இருக்காது. ஆனாலும் எதையாவது மாற்றிப் பார்க்கத் தோன்றும். கூட ஓட்டுகிறவரின் கார்பன் சக்கரம் எழுப்பும் ஓசை காதிலேயே நிற்கும். இரவு படுக்கும் முன் கைப்பேசியில் சேடில் என்னும் இருக்கையின் படங்களாகப் பார்த்துக்கொண்டிருப்போம். இந்த ஆசையில் தவறே இல்லை. விடிவதற்கு முன் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர் தன் சைக்கிளுக்குக் கொஞ்சம் தாராளமாகவே செலவழிக்கலாம். தேவைக்கு மிஞ்சிய செலவாக இருந்தாலும் அதில் வரும் மகிழ்ச்சி உண்மையானது.

ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. சாலையைத் தொடுவது முதலில். உடம்பைத் தொடுவது அடுத்து. வெயிலிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் காப்பது அதற்கடுத்து. வேகம் தருவது பிறகு. கண்ணுக்கு அழகானது கடைசியில். இந்த வரிசையில் போனால் போட்ட பணம் ஒவ்வொரு ரைடிலும் தெரியும். தலைகீழாகப் போனால் விலையுயர்ந்த சக்கரத்தின் மேல் வலிக்கும் இடுப்போடு உட்கார்ந்திருக்க நேரும்.

எடையைக் குறைப்பதிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ. கையிருப்பைக் கரைத்து அரைக் கிலோ குறைக்கிறீர்கள். ஒரு மணி நேரம் ஏற வேண்டிய மலையில் அதனால் மிச்சமாவது அதிகம் போனால் 25 நொடி. சமவெளியில் அந்த அளவுகூட இல்லை. சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ 2000-ஆம் ஆண்டிலிருந்து பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறது. தொழில்முறை வீரர்களே அந்த எல்லைக்கு மேல்தான் ஓட்டுகிறார்கள். எடைக்காகச் செலவழிக்கும் ஆசையைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது.

வாங்குவதற்கு முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

பொருளைத் தேடுவதற்கு முன் உங்கள் சைக்கிளின் அளவுகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிரேக் ரிம்மா டிஸ்க்கா? பின்னால் எத்தனை கியர்: 9, 10, 11, 12? ஃபிரேமுக்குள் எத்தனை மி.மீ. அகல டயர் வரை போகும்? சீட் போஸ்டின் விட்டம் என்ன? பின்சக்கர ஹப்பில் பல்சக்கரம் ஏறும் பகுதி ஷிமானோ வகையா, ஸ்ராம் வகையா? இந்த ஐந்தும் தெரியாமல் இணையத்தில் வாங்கப்படும் பாகங்கள்தான் பெட்டியோடு அலமாரியில் கிடக்கின்றன. வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் சுங்க வரியையும் ஜிஎஸ்டியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். திருப்பி அனுப்புவது ஏறக்குறைய நடக்காத காரியம் என்று நினைத்தே வாங்குங்கள்.

முதல் செலவு: டயர்

சைக்கிளின் விலையை இறக்க நிறுவனங்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் டயரும் ஒன்று. கடையிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் தடித்தது, விறைப்பானது. டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி நசுங்கி மீள்கிறது. அந்த நசுங்கலில் ரப்பருக்குள் வெப்பமாகப் போவது உங்கள் காலிலிருந்து வந்த சக்திதான். மெல்லிய, இழைவான டயரில் அந்த இழப்பு குறைகிறது. கூடவே சாலையின் சொரசொரப்பும் கைக்கு வராமல் டயரிலேயே அடங்கிவிடுகிறது. ஒரே செலவில் வேகமும் சொகுசும் சேர்ந்து கிடைப்பது டயரில் மட்டும்தான்.

அன்றாட ஓட்டத்துக்கு என் தேர்வு கான்டினென்டல் கிராண்ட் பிரி 5000. 2018-ல் வந்தது. உருளும் தன்மைக்கும் பஞ்சர் தாங்கும் தன்மைக்கும் நடுவில் நல்ல இடத்தில் நிற்கிறது. விட்டோரியா கோர்சாவின் பருத்தி இழை டயர்கள் ஓட்டுவதற்கு இன்னும் இதமானவை. ஆனால் நம் ஊர்ச் சாலை ஓரத்தில் சீமைக்கருவேல முள் எங்கும் கிடக்கிறது. பருத்தி டயரை நல்ல சாலையில் ஓட்டும் விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃபிரேம் இடம் கொடுத்தால் 25-லிருந்து 28 மி.மீ.க்குப் போங்கள். இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துபாருங்கள். புது டயரை மாட்டிய பிறகும் ஒவ்வொரு பக்கமும் நான்கு மி.மீ. மிஞ்ச வேண்டும்.

இனி காற்று. புதிதாக ஓட்டுகிறவர்கள் டயர் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச எண் வரை அடித்துவிடுகிறார்கள். அது அதற்கு மேல் போகக் கூடாது என்ற எல்லை மட்டுமே. 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் முன்னால் 65, பின்னால் 70 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். ஒரே பாதையில் ஓட்டி, ஒவ்வொரு முறையும் மூன்று பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். குழியில் இறங்கும்போது ரிம் இடிப்பது போலவோ, திருப்பத்தில் டயர் வழுக்கி ஒதுங்குவது போலவோ தோன்றினால் ஒரு படி ஏற்றிக்கொண்டு அந்த எண்ணை எழுதிவையுங்கள். இதற்குச் சரியான அளவுமானி உள்ள பம்ப் வேண்டும். இங்கேயும் ஆசைக்கு இடமிருக்கிறது. 1917-ல் மிலான் நகரில் தொடங்கிய சில்கா நிறுவனத்தின் நிற்கும் பம்ப், வாஷரை மட்டும் மாற்றி மாற்றிப் பல பத்தாண்டுகள் ஓட்டக்கூடியது. விலை கூடுதல்தான். ஒவ்வொரு ரைடுக்கு முன்னாலும் கை படும் பொருள் என்பதால் அதை நான் வீண் செலவாக எண்ணவில்லை.

டியூபிலும் மூன்று வகை உண்டு. வழக்கமான பியூட்டைல் டியூப் சுமார் 100 கிராம். டிபியு என்னும் பிளாஸ்டிக் டியூப் 35, 40 கிராம்தான். சுருட்டினால் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். மாற்று டியூபாகப் பையில் வைக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் சில ரகங்கள் டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். லேடக்ஸ் டியூப் ஓட்டுவதற்கு மிக மென்மை. ஒரே இரவில் காற்று கணிசமாக இறங்கிவிடும், தினமும் அடிக்க வேண்டும்.

டியூப்லெஸ்ஸுக்கு மாறினால் முள் தொல்லை பெருமளவு குறைகிறது. உள்ளே ஊற்றும் சீலன்ட் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். குளிர்நாட்டு அட்டவணைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று விட்டுவிடாதீர்கள். நம் வெப்பத்தில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாகக் குச்சி விட்டுப் பார்த்து நிரப்புங்கள். பெரிய ஓட்டைக்கு டைனாபிளக் போன்ற ஒரு செருகு கருவி சட்டைப் பையில் இருக்கட்டும்.

உட்காரும் இடம்

பிப் ஷார்ட்ஸ் என்னும் தோள்பட்டை வைத்த இறுக்கமான காற்சட்டையை முதலில் பார்க்கிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சொகுசு கிடையாது. இடுப்பில் ரப்பர் பட்டை அழுத்தாது. உள்ளே தைத்த மெத்தை இடம்விட்டு நகராது. ஸ்விட்சர்லாந்தின் ஆசோஸ், 2004-ல் லண்டனில் தொடங்கிய ராபா ஆகியவை விலையேறிய பெயர்கள். முதல் நல்ல ஜோடியை டெகாத்லானில் போட்டுப் பார்த்தே வாங்கலாம். மெத்தையின் தடிமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். தடித்த, தளர்வான மெத்தை மடங்கி உராயும். அடர்த்தியான, உடம்போடு ஒட்டிய மெத்தைதான் நூறு கிலோமீட்டர் தாண்டியும் தாங்கும்.

பிப் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் விளிம்பு தோலை அறுத்துவிடும். நீண்ட ரைடுக்கு முன் மெத்தையிலும் தொடை மடிப்பிலும் உராய்வைக் குறைக்கும் சாமோய் கிரீம் தடவுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே கழற்றி அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தாலோ உச்சி வெயிலில் காயப்போட்டாலோ மீள் இழை செத்துவிடும். நிழலில் உலர்த்தினால் இரண்டு மடங்கு நாள் வரும்.

அடுத்து சேடில். இதில் விலையை விட அகலம் முக்கியம். வீட்டில் அளக்க ஒரு வழி இருக்கிறது. பார்சல் பெட்டியின் நெளி அட்டையை ஒரு துண்டு வெட்டிக் கெட்டியான பலகை மேல் போட்டு, மெல்லிய காற்சட்டையோடு அதன் மேல் உட்காருங்கள். முன்னால் குனிந்து, முழங்கால்களைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு உட்கார் எலும்புகளும் பதிந்த குழிகள் தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு எவ்வளவு என்று அளந்து, அதோடு 20 மி.மீ. கூட்டினால் சேடில் அகலம் ஏறக்குறைய வந்துவிடும். பெண்களுக்கு இந்த அளவு சராசரியில் கூடுதலாக வரும். கடையில் கூடவே வந்த சேடில் வலிக்கிறது என்று பலர் சைக்கிளையே விட்டுவிடுகிறார்கள். அளவு தெரியாமல் நடந்ததுதான் காரணம்.

அளவு தெரிந்த பிறகு ஆசைப்படுங்கள். 1866-ல் பர்மிங்காமில் தொடங்கிய புரூக்ஸின் பி17 தோல் சேடில் பல நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு உங்கள் உடம்புக்கு ஏற்ப இறங்கிப் பதியும். கனம் அதிகம், மழை ஆகாது. ஐப்பசி கார்த்திகையில் அதன் மேல் ஓர் உறை கட்டாயம். மறுபக்கம் ஃபிசிக், ஸ்பெஷலைஸ்டு நிறுவனங்களின் முப்பரிமாண அச்சுச் சேடில்கள். வழக்கமான நுரைக்குப் பதில் தேன்கூடு போன்ற வலைப்பின்னல். ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு மென்மையை வைக்க அதனால் முடிகிறது. வியர்வையும் தண்ணீரும் தங்காமல் இறங்கிவிடுவது நம் ஊரில் ஒரு தனி வசதி. கையில் பணம் இருந்தால், சக்கரத்துக்கு முன் இதை வாங்கச் சொல்வேன்.

சேடிலை மாற்றும்போது பழையதன் உயரத்தையும் முன்பின் நிலையையும் அளந்துகொள்ளுங்கள். மூன்று நான்கு மி.மீ. மாறினால்கூட முழங்கால் சொல்லிவிடும். இந்தக் கட்டத்தில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பைக் ஃபிட், அதாவது உடம்புக்கு ஏற்பச் சைக்கிளின் நிலைகளைச் சரிசெய்துகொள்வது, வாங்கக்கூடிய எந்தப் பாகத்தையும் விட நல்ல செலவு.

காலும் கையும்

பூட்ஸைப் பெடலோடு பூட்டும் முறையைப் பனிச்சறுக்குக் கட்டுகளைச் செய்துவந்த லுக் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதைப் பூட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸை வென்றார். புதியவர்கள் குழம்புவது, பூட்ஸின் அடியில் திருகிப் பெடலில் பூட்டும் துண்டான கிளீட்டின் நிறத்தில்தான். ஷிமானோவில் சிவப்பு என்றால் கால் அசையவே இடமில்லை, நீலம் 2 பாகை, மஞ்சள் 6 பாகை. லுக் கியோவில் கறுப்பு அசையாது, சாம்பல் 4.5 பாகை, சிவப்பு 9 பாகை. ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொன்றுக்கு நேரெதிர். தொடக்கத்தில் ஷிமானோ மஞ்சளையோ லுக்கின் சிவப்பையோ வாங்குங்கள். முழங்காலுக்குத் தானாகச் சரியான நிலையைத் தேடிக்கொள்ள இடம் வேண்டும். இடதுபக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பூட்ஸை மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் ஓட்டினால் பாதம் வீங்கும். கயிற்றுக்குப் பதில் போவா திருகுச்சக்கரம் வைத்தது ஒரு சொகுசுதான். ஆனால் ஓட்டிக்கொண்டே ஒரு விரலால் தளர்த்த முடியும் என்பது நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பெரிய விஷயம்.

பார் டேப் குறைந்த செலவில் நிறைந்த மகிழ்ச்சி. சூப்பகாஸ், லிசர்ட் ஸ்கின்ஸ் போன்றவை வியர்த்த கையிலும் வழுக்காது. லிசர்ட் ஸ்கின்ஸில் 1.8, 2.5, 3.2 மி.மீ. என்று தடிமன் உண்டு. குண்டும் குழியுமான சாலைக்கு 3.2 எடுக்கலாம். வீட்டிலேயே சுற்றிவிடலாம். பழையதைக் கழற்றியதும் அலுமினியப் பாரை நன்றாகத் துடைத்துப் பாருங்கள். டேப்புக்கு அடியில் வியர்வை உப்பு தேங்கி, வெள்ளைப் பொடியாக உலோகத்தை அரித்திருக்கும். வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ஆழமாகக் குழி விழுந்திருந்தால் பாரையே மாற்றுங்கள், சுற்றி மறைக்காதீர்கள். சுற்றும்போது கீழ் முனையிலிருந்து தொடங்கி, மேற்புறத்தில் டேப் உள்ளிருந்து வெளிப்பக்கம் போகும்படி இரண்டு பக்கமும் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கை மூடட்டும். இழுவை ஒரே சீராக இருந்தால் நாளடைவில் அவிழாது.

வெயிலும் வண்டிகளும்

இரண்டு அடுக்குப் பாட்டில்கள் மலிவானவை. கேமல்பேக், போலார் இரண்டிலும் கிடைக்கின்றன. இரவே பாதி நிரப்பி ஃப்ரீசரில் வைத்துக் காலையில் மீதியை ஊற்றிக்கொண்டு கிளம்பினால், ஏப்ரல் மாதத்திலும் எட்டு மணி வரை குளிர்ச்சி இருக்கும். வெள்ளை நிறக் கைச்சட்டைகள் தோல் கறுப்பதைத் தடுப்பதோடு, தண்ணீரை ஊற்றிக்கொண்டால் காற்றில் குளிரவும் வைக்கும். கண்ணாடி வாங்கினால் வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே கறுத்து வெளுக்கும் வகையை எடுங்கள். இருட்டில் கிளம்பி வெயிலில் திரும்பும் நம் பழக்கத்துக்கு அதுதான் பொருத்தம். தலைக்கவசத்தில் காற்றைக் கிழிக்கும் மூடிய வடிவங்களை விட, நிறைய துளை உள்ளதை வாங்குங்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் தலைக்கவசங்களைச் சோதித்து நட்சத்திர மதிப்பெண்களைப் பொதுவில் வெளியிடுகிறது, வாங்குமுன் அதைப் பாருங்கள். ஒருமுறை விழுந்து தலை மோதியிருந்தால், வெடிப்பு தெரியாவிட்டாலும் கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

இந்தப் பிரிவில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது ராடார் விளக்கு. கார்மின் வாரியா சீட் போஸ்டில் மாட்டும் பின்விளக்கு. பின்னால் வரும் வண்டியை 140 மீட்டர் தொலைவிலேயே உணர்ந்து, ஹேண்டில்பாரில் உள்ள கணினித் திரையில் புள்ளியாகக் காட்டி ஒலியும் எழுப்பும். விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டியதும் இதன் அருமை தெரியும். காற்றின் இரைச்சலில் காதுக்கு எட்டாத காரை இது முன்கூட்டியே சொல்லிவிடும். பழகிய பிறகு இது இல்லாமல் நெடுஞ்சாலையில் இறங்க மனம் வருவதில்லை. எல்லையும் உண்டு. உங்கள் வேகத்திலேயே பின்தொடரும் வண்டியை இது தவறவிடலாம். நகர நெரிசலில் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். வலப்பக்கம் ஒதுங்கும் முன் தலையைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

ஆடாக்ஸ் இந்தியா நடத்தும் பிஆர்எம் நெடும்பயணங்களில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். இரவில் முன்விளக்கு, பின்விளக்கு, பளிச்சிடும் மேலுடை எல்லாம் கட்டாயம். அந்தப் பக்கம் ஆர்வம் இருந்தால் முன்சக்கர ஹப்பிலேயே மின்சாரம் எடுக்கும் டைனமோ பெரிய ஆடம்பரம், பெரிய நிம்மதியும்கூட. சார்ஜ் தீருமோ என்ற கவலையே இராது.

செயினுக்கு மெழுகு

இதற்குப் பணம் அதிகம் வேண்டாம், பொறுமை வேண்டும். எண்ணெய் போட்ட செயினில் கடற்கரை மணலும் செம்மண் தூசியும் ஒட்டி, அரைக்கும் மாவாகி, பல்சக்கரத்தைத் தின்றுவிடும். மெழுகில் தோய்த்த செயின் தொட்டால் கையில் கறை படாது. தூசி ஒட்டாது. ஓசையும் குறையும்.

புதுச் செயினில் தொழிற்சாலைக் கிரீஸ் இருக்கும். டர்பன்டைன் போன்ற கரைப்பானில் இரண்டு மூன்று முறை குலுக்கி, கடைசியில் ஸ்பிரிட்டில் அலசிக் காயவிடுங்கள். ஜன்னல் திறந்த இடத்தில், அடுப்புக்குத் தொலைவில் செய்ய வேண்டிய வேலை இது. பிறகு சமையலுக்கு இனிப் பயன்படுத்தாத ஒரு மின்பாத்திரத்தில் மெழுகை 80, 90 பாகை வரை உருக்குங்கள். மெழுகு தீப்பிடிக்கும், நேரடி நெருப்பில் ஒருநாளும் வைக்காதீர்கள். சில்கா, மால்டன் ஸ்பீட் வாக்ஸ் போன்றவை இதற்கென்றே விற்கும் மெழுகுகள். செயினைக் கம்பியில் கோத்து உள்ளே விட்டு, செயினும் அதே சூட்டுக்கு வரும் வரை பத்து நிமிடம் அலைத்து எடுத்துத் தொங்கவிடுங்கள். ஆறியதும் விறைத்திருக்கும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி இளக்கி மாட்டுங்கள். உலர்ந்த சாலையில் சுமார் 300 கிலோமீட்டர் தாங்கும். மழையில் நனைந்தால் அன்றே துடைத்துக் காயவைத்து மறுபடி தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறும். இரண்டு செயின்களை மாற்றி மாற்றிப் போட்டால் வேலை பாதியாகும். 11, 12 கியர் செயின்களில் தேய்மானமானி 0.5 காட்டியதும் புதிது போட்டுவிடுங்கள். பல்சக்கரம் பிழைக்கும்.

மலைக்கு ஏற்ற பல்சக்கரம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, ஏற்காட்டின் 20 வளைவுகளையோ மனதில் வைத்திருப்பவர்கள் பின்னால் 34 பல் உள்ள பல்சக்கரம் போடுங்கள். ஆயிரம் கிராம் குறைப்பதை விட இது உதவும். கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பின் டிரேலியர் நீளக் கையா, குட்டைக் கையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷிமானோ 105 ஆர்7000-இல் குட்டைக் கை 30 பல் வரைதான் தாங்கும். செயினும் நீளமாக வேண்டும்.

எண்களைக் காட்டும் கருவிகள்

கார்மின், வஹூ, பிரைட்டன், ஐஜிபிஎஸ்போர்ட் எதுவானாலும் கணினி ஒன்று போதும். காலின் உழைப்பை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் அடுத்த நிலை. ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் 1986-ல் தொடங்கிய எஸ்ஆர்எம் இதற்கு முன்னோடி. எதிர்காற்றில் வேகம் பொய் சொல்லும், வெயிலில் இதயத்துடிப்பு தானாக ஏறும். காலின் உழைப்பை நேராகச் சொல்வது வாட் மட்டும்தான். பெடலில் அமைந்த ஃபவேரோ அசியோமா போன்றதை வாங்கினால் ஒரு சைக்கிளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். ஒருபக்கம் மட்டும் அளக்கும் மலிவு வகைகள் இடது காலின் எண்ணை இரட்டிப்பாக்கிச் சொல்கின்றன. பயிற்சிக்கு அதுவே போதுமானது. கிளம்பும் முன் பூஜ்யம் சரிபார்க்க மறக்காதீர்கள். திட்டமிட்டுப் பயிற்சி செய்யும் எண்ணம் இல்லை என்றால் இதை வாங்க வேண்டாம்.

சக்கரம்

இதுதான் எல்லோருடைய கனவும். நல்ல கார்பன் சக்கரம் முடுக்கத்திலும் ஓசையிலும் சைக்கிளையே வேறாக்கிவிடும். ஆனால் கவனிக்க வேண்டியவை அதிகம்.

உங்களுடையது ரிம் பிரேக் என்றால் கார்பன் ரிம் வேண்டாம் என்பதே என் கருத்து. மலை இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகும், மழையில் பிடிப்பும் குறையும். நல்ல அலுமினியச் சக்கரம் வாங்கி நிம்மதியாக இறங்குங்கள். டிஸ்க் பிரேக் என்றால் கவலையில்லை.

ரிம்மின் ஆழத்தை உங்கள் சாலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும்போது கடல் இடப்பக்கம். வெயில் ஏறியதும் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். 60 மி.மீ. ஆழமுள்ள முன்சக்கரம் அந்தக் காற்றில் ஹேண்டிலைப் பிடுங்கும், அதே நேரம் பேருந்து ஒன்று முந்தினால் ஆபத்து. 35 முதல் 45 மி.மீ. வரை போதும். எடை குறைந்தவர்கள் 35-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆழம் கூடினால் டியூபின் வால்வும் நீள வேண்டும். 45 மி.மீ. ரிம்முக்கு 60 மி.மீ.க்கு மேல் நீளமுள்ள வால்வு.

விளிம்பில் கொக்கி இல்லாத ரிம்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிக்கவே கூடாது. சக்கர நிறுவனம் அனுமதித்த டயர்ப் பட்டியலில் உள்ளதைத்தான் போட வேண்டும். எடை கூடுதலானவர்களும் டியூப் போட்டு ஓட்டுகிறவர்களும் கொக்கி உள்ள ரிம்மையே கேட்டு வாங்குங்கள்.

ஹப்பில் டிடி ஸ்விஸ் வாங்கினால் உதிரிபாகம் கிடைக்கும், கருவியில்லாமல் திறந்து கிரீஸ் போடலாம். கிரிஸ் கிங் ஹப்பின் ரீங்காரத்துக்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு, எனக்கு அவர்கள்மேல் முழு மரியாதை.

பெயர் தெரியாத கார்பன் ஹேண்டில்பார், ஸ்டெம், சீட் போஸ்ட், பிரபல பெயர் ஒட்டிய போலிகள் ஆகியவற்றை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். அலுமினியம் வளைந்து எச்சரிக்கும், கார்பன் ஒரே நொடியில் முறியும்.

எலக்ட்ரானிக் கியர்

ஷிமானோவின் உச்ச வரிசை எலக்ட்ரானிக் கியரான டியூரா-ஏஸ் டிஐ2 2009-ல் வந்தது. 2022-ல் அதே நுட்பம் 105 வரிசைக்கு இறங்கியபோதுதான் சாதாரண ஓட்டுநர்களுக்கு எட்டியது. ஸ்ராம் கம்பியில்லா முறையை 2015-ல் அறிவித்தது. பொத்தானைத் தொட்டால் கியர் விழும். கேபிள் இழுவை தளராது, கடற்கரைக் காற்றில் கேபிள் துருப்பிடிக்கும் தொல்லையும் இல்லை. கைவிரல் பலம் குறைந்தவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் இது ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். ஸ்ராமில் முன் பின் பேட்டரிகள் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவை. பின்னால் தீர்ந்தால் முன்னால் இருப்பதைக் கழற்றி மாட்டி வீடு வந்து சேரலாம். ஷிமானோவில் பேட்டரி சீட் போஸ்டுக்குள் இருக்கும், சார்ஜ் நீண்ட நாள் வரும்.

பழைய சைக்கிளில் முழுத் தொகுதியையும் மாற்றும் செலவு பல நேரம் இன்னொரு சைக்கிளின் விலையைத் தொடும். அதற்குப் பணத்தைச் சேர்த்து, அடுத்த சைக்கிளையே எலக்ட்ரானிக்காக வாங்குவது மேல்.

கடைசியாக, அழகுக்கு

டென்மார்க்கின் செராமிக்ஸ்பீட் செய்யும், பின் டிரேலியரில் செயின் ஓடும் பெரிய புல்லி சக்கரங்கள், டைட்டானியத் திருகுகள், கிங் கேஜ் பாட்டில் பிடிகள், எண்ணெய் மிதக்கும் தண்ணீரின் நிறங்களில் மின்னும் செயின்கள். இவற்றால் வரும் வேகம் சில வாட்களைத் தாண்டாது, மெழுகிட்ட சுத்தமான செயின் அதே அளவைக் கொடுத்துவிடும். ஆனாலும் டைட்டானியம் வியர்வைக்கும் கடல் காற்றுக்கும் துருப்பிடிக்காது என்பதால் ஸ்டெம் திருகுகளுக்கும் பாட்டில் பிடிகளுக்கும் அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பிரேக்கைத் தாங்கும் திருகுகளில் மட்டும் நிறுவனம் கொடுத்த எஃகையே விட்டுவையுங்கள்.

மாட்டிய பிறகு

எதை மாற்றினாலும், திருகை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வீட்டில் வேண்டும். பாகத்தின் மேலேயே எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். ஸ்டெம் திருகுகளுக்குப் பெரும்பாலும் 5, ஷிமானோ கிளீட் திருகுகளுக்கு 5 முதல் 6. கார்பன் மேல் பிடிக்கும் இடங்களில் கிரீஸ் தடவாமல் கார்பன் பேஸ்ட் தடவுங்கள். குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் நிற்கும். இறுக்கிய திருகின் தலையிலிருந்து பாகம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டால், தளர்ந்தது ஒரே பார்வையில் தெரியும்.

ஒரே நாளில் இரண்டு பாகங்களை மாற்றாதீர்கள். வலியோ ஓசையோ வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் போதும். திரும்பி வந்து எல்லாத் திருகுகளையும் மறுபடி பார்த்து, டயரில் காற்று இறங்கியிருக்கிறதா, புதுச் சக்கரத்தில் கம்பிகள் ஏதும் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொரு முறை. கழற்றிய பழைய பாகங்களைத் துடைத்து, அளவை எழுதி ஒட்டி எடுத்து வையுங்கள். நல்ல நிலையில் உள்ள சேடிலும் சக்கரமும் புதிதாக ஓட்ட வருகிறவர் யாருக்காவது பாதி விலையில் போகும், அந்தப் பணம் உங்கள் அடுத்த ஆசைக்கு ஆகும்.